கூடாரமா, கீற்றா, ஜன்னலா? கொல்லைப்புறப் பறவைகளைப் படமெடுக்க எது தோது

ஆனி மாதக் காற்று தென்காசிக்காரர்களுக்குப் புதிதல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவரும் அந்தக் காற்றை நம்பித்தான் கிழக்கே காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அது தெரிந்திருந்தும், பாலியெஸ்டர் துணியில் தைத்த மறைவுக் கூடாரம் ஒன்றை வாங்கி, நான்கு முளைகளை மட்டும் அடித்துக் கொல்லையில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் அது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. வேதாளத்தை இறக்க விக்கிரமாதித்தனிடம் வாள் இருந்தது; எனக்குத் தொரட்டிதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு கீற்று மறைப்பு கட்டினேன், பச்சை வலை கட்டினேன், கடைசியில் பின்கட்டு அறையின் ஜன்னலுக்கே வந்துசேர்ந்தேன். தீனி விஷயத்திலும் இதே சுற்றுதான்: கம்பு, பழம், சர்க்கரைத் தண்ணீர், முடிவில் வெறும் தண்ணீர். வீட்டுத் தோட்டத்தில் பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கூடாரம் வாங்கலாம் என்பதைத்தான். கேள்வியே தலைகீழாக இருக்கிறது. எதைக் காட்டி அழைப்பது, அழைத்தால் எந்தக் கொம்பில் வந்து உட்காரும், அப்போது வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்ற மூன்றும் முடிவானால் நாம் ஒளிந்துகொள்ளும் இடம் தானாகவே முடிவாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் ஏற்கெனவே கட்டிமுடித்த ஒரு சுவருக்குப் பின்னால்தான் இருக்கும்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வீடு போக மிச்சம் நான்கு சென்ட். ஒரு மாமரம், இரண்டு வாழை, ஒரு பப்பாளி, செம்பருத்தி வேலி, மூடிபோட்ட கிணறு. கேமரா சிறிய சென்சார் வகை. லென்ஸ் 70–300 மி.மீ. ஜூம். காட்டுக்குப் போய் நாள்கணக்கில் உட்கார நேரம் இல்லாதவனின் கருவிகள் இவை.

தினைப்புனத்தில் பரண் போட்டு ஆலோலம் பாடிக் கிளியை விரட்டிய மரபு நம்முடையது. இப்போது அதே பரணில் உட்கார்ந்து வா வா என்கிறோம். விரட்டுவதைவிட இது கடினமான வேலை.

தானியத்திலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். பிளாஸ்டிக் குழாய் வடிவத்தில் விற்கும் தீனிக்கலம் ஒன்றை வாங்கிக் கம்பும் தினையும் நிரப்பி மாமரத்தில் கட்டினேன். எதிர்பார்த்தது சிட்டுக்குருவியும் புள்ளிச்சில்லையும். வந்தது மாடப்புறா. முதலில் ஒன்று, வாரக் கடைசியில் ஒரு பட்டாளம். அவை கீழே சிந்தியதைத் தின்ன இரவில் எலி வந்தது. எலி வந்தால் பின்னாலேயே சாரை வரும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையடிவார ஊர்களில் மயிலும் பங்குக்கு வரும். தானியம் வைத்தே தீர வேண்டும் என்றால் பழைய முறை மேல்: நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி உத்தரத்தில் தொங்கவிடுவது. தொங்கி ஆடும் கதிரில் புறாவால் தொற்றி நிற்க முடியாது. சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் அது விளையாட்டு. படத்திலும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் நெற்கதிர் விழும்.

பழம் சீக்கிரம் பலன் தரும். பப்பாளித் துண்டையோ வாழைப்பழத்தையோ கொம்பில் ஆணியடித்துக் குத்திவைத்தால் சின்னான் என்கிற கொண்டைக்குருவி ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடும். பின்னாலேயே புள்ளிபோட்ட பெண் குயில், வால்காக்கை, குக்குறுவான். அணில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து பாதியை முடித்திருக்கும். எறும்புக்கு, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் அதே வழிதான். ஆனால் குரங்கு வரும் ஊரில் இதை நினைத்தே பார்க்காதீர்கள். குற்றாலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு நாள் பழம் வைத்தார். மூன்றாம் நாள் நாட்டுக்குரங்குகள் பழத்தைத் தேடி அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டன. பழம் வைப்பதை நிறுத்திய பிறகும் அவை வருவதை நிறுத்தவில்லை. நான் இப்போது செய்வது எளிது: பப்பாளி மரத்தில் ஒன்றிரண்டு பழங்களைப் பறிக்காமல் விட்டுவிடுகிறேன். பறவை கொத்திய பழத்தின் ஆரஞ்சுக் குழியும் அதற்குள் தலையை விட்டிருக்கும் சின்னானும் சேர்ந்த படத்தின் பக்கத்தில் ஆணியில் குத்திய துண்டு நிற்க முடியாது.

சர்க்கரைத் தண்ணீரை மூன்றே நாளில் கைவிட்டேன். நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை என்பது தேன்குடிப் பறவைகளுக்கு அமெரிக்காவில் வைக்கும் கணக்கு. நம் சித்திரை வெயிலில் அது ஒரே நாளில் புளித்து நுரைக்கத் தொடங்கும். தினமும் கழுவி மாற்றாவிட்டால் பூஞ்சைதான். தேன்சிட்டுக்கு நம் ஊரில் பூவுக்கா பஞ்சம்? இட்லிப்பூச் செடி ஒன்று போதும், முருங்கை பூத்தால் கேட்கவே வேண்டாம். செம்பருத்தியை மட்டும் நம்ப வேண்டாம். தேன்சிட்டு அதன் வாய்ப்பக்கம் வருவதில்லை. பூவின் அடியில் பக்கவாட்டில் துளைபோட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூவின் முகத்துக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருந்த எனக்கு ஒரு வாரம் முழுக்க வால் மட்டுமே கிடைத்தது.

இனி தண்ணீர். தானியமும் பழமும் அவற்றைத் தின்னும் பறவைகளை மட்டுமே அழைக்கும். பூச்சி தின்னும் பறவைக்குக் கம்பில் என்ன வேலை? ஆனால் குளிக்காத பறவை அரிது. தவிட்டுக்குருவிக் கூட்டம், தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், மாங்குயில், பனிக்காலத்தில் ஈப்பிடிப்பான்கள் என்று தீனித்தட்டின் பக்கம் எட்டிப்பார்க்காதவை எல்லாம் தண்ணீருக்கு வந்தன. கர்நாடகத்தின் கணேஷ்குடியில் இருக்கும் ஓல்டு மேகசின் ஹவுஸ் விடுதி, பறவைகள் குளிக்கவரும் சிறு தொட்டிகளுக்காகவே படக்காரர்களிடையே பேர்பெற்றது. அங்கே காட்டுப் பறவைக்குப் பலிப்பது கொல்லைப்புறப் பறவைக்கும் பலிக்கும்.

தொட்டி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண் தட்டு போதும். ஓரத்தில் விரற்கடை ஆழம், நடுவில் மிஞ்சிப்போனால் இரண்டு அங்குலம். சரிவுக்குக் கூழாங்கல். உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் பறவை இறங்காது, அதனால் பீங்கானும் பிளாஸ்டிக்கும் உதவாது. ஆனால் வெறும் தட்டை வைத்தபோது இரண்டு வாரம் காக்கைகள்தான் வந்தன. நிலைமையை மாற்றியது மருந்துக்கடையில் வாங்கிய புதிய குளுக்கோஸ் ட்யூப். இரண்டு லிட்டர் பாட்டிலை மாங்கிளையில் தலைகீழாகக் கட்டி, ட்யூபைச் செருகி, மேலே காற்றுக்கு ஒரு துளை போட்டு, ட்யூபில் இருக்கும் சிறு சக்கரத்தை உருட்டி நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி வைத்தேன். இருபது சொட்டு ஒரு மில்லி என்று ட்யூபின் உறையிலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் மணிக்கு 180 மில்லி. காலை ஆறு மணிக்கு நிரப்பினால் மாலை ஐந்து வரை தாங்கும். வழியும் தண்ணீர் வாழைக்கு. சொட்டுச் சத்தம் ஆரம்பித்த அன்று பிற்பகலே தவிட்டுக்குருவிகள் ஏழும் வரிசையாக இறங்கின. தண்ணீர் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குக் கேட்பதுதான் அவற்றை இழுக்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு முறை நான் ஊரில் இல்லாதபோது, கொசுப்புழு பார்க்க வரும் பெண் பணியாளர் தட்டை எட்டிப்பார்த்துவிட்டு, கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். அவர் செய்தது சரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சின்னத் தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தினம் மாற்றுவதோடு, மூன்று நாளுக்கு ஒரு முறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து வெயிலில் காயவைக்கிறேன். பறவைகளுக்குள் நோய் பரவாமலிருக்கவும் அதுதான் வழி. இந்த வேலைக்குச் சோம்பினால் தண்ணீர் வைக்காதிருப்பதே நல்லது.

காசில்லாமல் ஒரு வழியும் இருக்கிறது: பெருக்காமல் இருப்பது. மாமரத்தின் கீழே ஒரு மூலையில் சருகை அப்படியே விட்டதில் ஓர் ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கியது. வடக்கேயிருந்து வலசை வரும் அந்தக் குருவி சருகைப் புரட்டிப் புழு தேடித் தின்பது. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். நான்கு நாள் எங்கள் குப்பையில் தங்கியது. அந்தக் குப்பையைக் காப்பாற்ற அம்மாவின் விளக்குமாற்றோடு நான் நடத்திய பேச்சுவார்த்தை தனிக்கதை.

அம்மா தினமும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். இதை மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தேவையும் இல்லை. காக்கைக்கு அங்கே இலை போட்டாகிவிட்டது என்றால் இங்கே வருவது குறையும். தட்டை மட்டும் வீட்டின் எதிர்ப்பக்கம் தள்ளிவைத்துக்கொண்டேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். என் கேமராவில் 300 மி.மீ.யில் நான்கு மீட்டர் தூரத்தில் சட்டகத்தின் அகலம் சுமார் 31 செ.மீ. சின்னான் 20 செ.மீ. நீளம். கச்சிதம். ஆறு மீட்டருக்குப் போனால் பறவை சிறுத்துவிடும். இரண்டு மீட்டருக்கு வந்தால் சத்தத்துக்கே பறந்துவிடும். நாலு மீட்டரில் எஃப் 5.6 திறப்பில் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான், ஆகவே பறவை பக்கவாட்டில் உட்காரும்படி கொம்பை நட வேண்டும். 150–600 ஜூம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பலவற்றுக்கு 2.7, 2.8 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. குறுகலான கொல்லையில் அது தடையாகலாம்.

உட்காரும் கொம்புதான் படம். பறவை நேராகத் தட்டில் குதிப்பதில்லை; பக்கத்தில் ஒரு கொம்பில் நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்தக் கொம்பை நாம் நட்டுவிட்டால், எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் தட்டே விழாது. விரல் பருமனில், பாசி படர்ந்த, கொஞ்சம் கோணலான கொம்பு. முருங்கைக் கொம்பு வேண்டாம், மைனா உட்கார்ந்தாலே முறிந்துவிடும். கொம்புக்குப் பின்னால் ஐந்து மீட்டராவது வெறுமையாக இருந்தால் வாழை இலை மெத்தென்ற பச்சையாகக் கரையும்.

திசையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். என் ஜன்னல் வடக்குப் பார்த்தது. தென்காசி இருப்பது ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில். சித்திரை பிறக்கும்போது நண்பகல் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும், அதிலிருந்து ஆவணி நடு வரை உச்சிவேளையில் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி முதல் மாசி வரை வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் நாள் முழுக்க நம் முதுகுப் பக்கம்தான். நாலு மணிக்கு மேல் வீட்டின் நிழல் தட்டின்மேல் விழுந்து ஒளி மிருதுவாகும், பறவைகள் குளிக்கும் நேரமும் அதுதான். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. கொத்தனார் ஜன்னலை அங்கே வைத்திருந்தார்.

மறைப்புகளை இந்த இடத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 1900-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் பறவைப் படம் எடுக்கப் பாடம்செய்த மாட்டின் தோலுக்குள் கேமராவோடு புகுந்துகொண்டார்கள். கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பசுவை ஏமாற்றிப் பால் கறந்த நமக்கு இந்த யுக்தி அந்நியமல்ல. அவர்கள் வைக்கோலுக்குப் பதில் ஆளை அடைத்தார்கள்.

கூடாரத்தின் நல்ல குணம் ஒன்றுதான், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். குளக்கரைக்கும் தோப்புக்கும் அது சரி. வீட்டுக் கொல்லையில், மே மாதம் பதினோரு மணிக்கு உள்ளே உட்கார்ந்தால் இட்லிக் கொப்பரைதான். துணி படபடக்கும்போதெல்லாம் பறவை திடுக்கிடும். பச்சை நிழல்வலை மலிவு, காற்று ஊடுருவும். ஆனால் கடையில் 50 சதவீத வலையை வாங்கிவிடாதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் உள்ளே கை அசைவது அப்படியே தெரியும். 75 அல்லது 90 சதவீத வலை, உட்புறம் கறுப்புத் துணி. பழைய கறுப்புக் குடைத்துணியைத் தைத்துப் போட்டேன், நன்றாகவே உழைத்தது.

கீற்று மறைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு சவுக்குக் கம்பு, பத்துப் பன்னிரண்டு முடைந்த கீற்று, கயிறு, உள்ளே ஒரு முக்காலி. ஒரு பொழுதில் கட்டிவிடலாம். குளிர்ச்சி, சத்தமில்லை, இரண்டு மூன்று நாளில் பறவைகள் அதை மரத்தைப்போலவே எடுத்துக்கொள்ளும். அதிகமாகவே எடுத்துக்கொண்டன: தவிட்டுக்குருவிகள் என் தலைக்கு நேர் மேலே கூரையில் உட்கார்ந்து அரட்டையடித்தன. சத்தம் கேட்கிறது, சாணளவு தூரம்தான், படம் எடுக்க முடியாது. கீற்றில் தேளும் பூரானும் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. தோட்டம் பெரிதாக இருந்து, நல்ல இடம் வீட்டிலிருந்து தள்ளி அமைந்துவிட்டால் நான் கீற்றைத்தான் சொல்வேன்.

நாலு சென்ட்டுக்கு ஜன்னல்தான். கண்ணாடி வழியாக எடுக்கக் கூடாது, கூர்மை போய்விடும். கதவைத் திறந்து, கொசுவலையைக் கழற்றி, கறுப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவு கிழித்துத் தொங்கவிட வேண்டும். பழைய கம்பி ஜன்னலில் லென்ஸ் கம்பிக்கு நடுவே நுழைந்துவிடும். அலங்கார கிரில் என்றால் லென்ஸை அதன்மேல் ஒட்டினாற்போல் வையுங்கள். மெல்லிய கம்பி படத்தில் தெரியாது, சற்றே வெளிறும், அவ்வளவுதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவையும் சாத்த வேண்டும். முதல் மாதம் இந்தக் கதவை மறந்துவிட்டு, பறவைகள் ஏன் ஓடுகின்றன என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். என் உருவம் பின்கதவு வெளிச்சத்தில் நிழலாட்டம் ஆடியிருக்கிறது. முக்காலித் தாங்கியும் வேண்டாம். இரண்டு கிலோ கம்பை அடைத்த துணிப்பை விளிம்பில் கிடந்தால் போதும். தானியத் தீனியில் மிஞ்சிய கம்புக்கு அப்படி ஒரு உபயோகம் கிடைத்தது. மின்விசிறி, காப்பி, பக்கத்திலேயே குளியலறை. ஒரு மணி நேரம் கிடைத்தாலும் உட்காரலாம், இதுதான் பெரிய லாபம். கூடாரத்தில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்தேன். ஜன்னலில் வாரம் ஐந்து நாள் உட்காருகிறேன்.

அப்படி உட்கார்ந்ததால்தான் அரசவால் ஈப்பிடிப்பான் கிடைத்தது. மார்கழியில் ஒரு நாள் நாலே கால் மணி. வெள்ளை ஆண். கொம்பில் உட்கார்ந்தது, ரிப்பன்போன்ற வால் கொம்புக்குக் கீழே தொங்கியது. சடாரென்று தட்டில் விழுந்து நெஞ்சை நனைத்துக்கொண்டு அதே வேகத்தில் கொம்புக்குத் திரும்பியது. மறுபடி. மறுபடி. மொத்தம் ஆறு முறை. 300-இல் வைத்து எடுத்துத் தள்ளினேன். பிறகு பார்த்தால் ஒரு படத்திலும் வால் முழுசாக இல்லை. உடல் 20 செ.மீ., வால் அதைவிட நீளம், 31 செ.மீ. சட்டகத்தில் எப்படி அடங்கும்? நல்லவேளை, அது தினம் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் 150-க்குச் சுருக்கி, நொடியில் 1/2000 பங்கு வேகத்தில் எடுத்தேன். ஒற்றை நீளத்தில் வரும் விலையுயர்ந்த லென்ஸ்களைப் பார்த்து ஏங்குவதை அன்றோடு விட்டேன்.

மற்ற வழிகள் சுருக்கமாக. செல்போனைத் தட்டுக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து 4கே வீடியோவாக ஓடவிட்டுச் சட்டகத்தைப் பிரித்தெடுக்கலாம். எட்டு மெகாபிக்சல் படம் கிடைக்கும். வெயிலில் போன் சுடும், காக்கை கொத்தும், இரண்டும் நடந்தது. மரநாய்க்கும் கீரிக்கும் தானியங்கிக் கேமரா பொருத்தம், ஆனால் இரவுப் படம் கறுப்பு வெள்ளையில்தான். காசு கொடுத்து உட்காரும் மறைப்புகள் கேரளத்தின் தட்டேக்காட்டில் நிறைய. ஒரு முறை போய்க் கொம்பை எங்கே நட்டிருக்கிறார்கள், பின்னணியை எப்படி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவருவது நல்ல செலவு. கூட்டருகே மட்டும் எந்த மறைப்பும் கட்டாதீர்கள். நாம் போய்வருவதைப் பார்த்துக் காக்கை கூட்டைக் கண்டுபிடிக்கும். 1937-இல் எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயப் படக்காரர் ஆந்தைக் கூட்டருகே கட்டிய மறைப்புக்கு இரவில் திரும்பியபோது, ஆந்தை தாக்கி ஒரு கண்ணையே இழந்தார்.

என் ஏற்பாட்டில் ஒரு குறை இன்னும் தீரவில்லை. கொம்புக்குப் பின்னால், வாழைக்கும் கிணற்றுக்கும் நடுவே, துணிக்கொடி ஓடுகிறது. சென்ற வருடத்துப் படங்கள் பலவற்றில் சின்னானுக்குப் பின்னால் மிருதுவான நீலம் தெரியும். பார்த்தவர்கள் வானம் என்று நினைத்தார்கள், என் லுங்கி அது. கொடியை மாற்றலாம் என்றால், பனிக்காலத்தில் அங்கேதான் நல்ல வெயில் விழுகிறது என்கிறார் அம்மா. அதே வெயிலுக்காகத்தான் நானும் அங்கே கொம்பை நட்டேன். இப்போதைக்கு, படம் எடுக்கும் நாட்களில் துணி மொட்டைமாடிக்குப் போகிறது. அங்கே காக்கைகள் சோற்றுக்குக் காத்திருக்கின்றன.